பூட்டிய அறையில் பதின்பருவம்

இங்கிலாந்தில் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் தர ஆணையம் 2019 மே மாதம் ஓர் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. மனநல வார்டுகளில் நெடுநாளாகத் தனியே அடைத்து வைக்கப்பட்டிருந்த 62 பேரைப் பற்றிய விவரம் அதில் இருந்தது. அவர்களில் 20 பேர் சிறார்கள். சிலருக்கு வயது 11தான். 18 வயது நிரம்பாத ஒருவர் இரண்டரை ஆண்டு அடைபட்டுக் கிடந்தார். குணமாக வேண்டுமென்றுதான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

ஆணையத்தார் நேரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். வார்டின் இரைச்சலும் கூசும் விளக்கும் அவர்களை நிலைகொள்ளாமல் செய்யும். அவர்கள் கை ஓங்குவார்கள், ஊழியர்கள் அறைக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். உள்ளே கொந்தளிப்பு இன்னும் கூடும். அதையே காரணம் காட்டிப் பூட்டு நீடிக்கும்.

ஊழியர்களை மட்டும் பழிப்பது நியாயமில்லை. இரவுப் பணியில் ஆள் குறைவு. கண்ணாடியை உடைத்துக்கொண்டு நிற்கிறான் பதினாறு வயதுப் பையன். பக்கத்துப் படுக்கைகளில் பயந்த பிள்ளைகள். அந்த நிமிடத்தில் கதவை மூடுவது பாதுகாப்புதான். ஆனால், சிகிச்சை அல்ல. இந்த முறையின் பலனை ஆராய 2000இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2,155 குறிப்புகளைச் சலித்தார்கள். முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூடத் தேறவில்லை.

அமெரிக்கா கடிகாரத்தை நம்புகிறது. 9 முதல் 17 வயது வரையுள்ளவர்களை ஓர் உத்தரவில் 2 மணி நேரம்தான் அடைக்கலாம். பெரியவர்களுக்கு 4 மணி நேரம். உத்தரவைப் புதுப்பிக்கவும் வழி உண்டு என்பதுதான் இதிலுள்ள ஓட்டை.

கடிகாரத்தைவிடப் பயிற்சி அதிகம் சாதித்தது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறார் மனநலப் பிரிவு ஒன்றில், 2003 முதல் 2007 வரை நடந்த ஆய்வின் இடையில் ஊழியர்களுக்குப் புதிய அணுகுமுறை கற்றுத்தரப்பட்டது. பிள்ளை வெடிப்பது அடத்தால் அல்ல, ஏமாற்றத்தைத் தாங்கும் திறன் இன்னும் கைவராததால் என்பது அதன் அடிப்படை. எது அவனைச் சீண்டுகிறது என்று முன்கூட்டியே அவனோடு பேசித் தீர்க்கப் பழகினார்கள். ஆண்டுக்கு 263 முறை நடந்த உடல்ரீதியான கட்டுப்படுத்தல் 7ஆகக் குறைந்தது. தனி அறையில் அடைப்பது 432இலிருந்து 133ஆனது. பிடித்துக் கட்டுவது ஏறத்தாழ நின்ற இடத்திலும் பூட்டும் பழக்கம் முழுதாக விடவில்லை, கவனியுங்கள்.

இந்தியச் சட்டம் அமெரிக்க விதியைவிடக் கண்டிப்பானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆவது பிரிவில், தனிமையில் அடைப்பதை எந்த வயதினருக்கும் அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு உடலைக் கட்டுப்படுத்தலாம். அந்தக் கணக்கு மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். பூட்டி அடைப்பதுதான் தடை செய்யப்பட்டாயிற்றே. அதற்குக் கணக்கு கேட்கவில்லை அந்தப் பிரிவு. தடையை மீறும் வார்டு இந்த இடைவெளியில் எளிதாக ஒளிந்துகொள்ளலாம். பூட்டிய கதவுகளின் கணக்கையும், வயதுவாரியாக, வாரியங்கள் கேட்டு வாங்க வேண்டும்.