மே மாதத்திலும் ரத்தம் வேண்டும்!

காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தில் கல்லூரியும் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. ரத்தம் கொடுக்கக்கூடிய இளைஞர்களும், அது தேவைப்படும் நோயாளிகளும் நடந்து போகும் தூரத்தில்!

தமிழகக் கல்லூரிகளில் ரத்ததான முகாம்களை ஓடியாடி நடத்துபவர்கள் மாணவர்கள்தான். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என இதற்கு அமைப்புகளும் உண்டு. ஆனால், ஜூன் 14 உலக ரத்ததான தினம், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான தினம் போன்ற நாள்களை ஒட்டியே பல முகாம்கள் நடக்கின்றன.

சிக்கல் இதுதான். தானமாகக் கிடைத்த சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்கள்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் 5 நாள்கள்தான் தாங்கும். அக்டோபரில் கொடுத்த ரத்தம், மே மாத விபத்துக்கு உதவாது. கோடை விடுமுறையில் ஹாஸ்டல்கள் காலியாகும்போது ரத்த வங்கிகளும் திண்டாடுகின்றன.

எல்லோரும் ஒரே நாளில் கொடுப்பதைவிட, துறைவாரியாக மாதம் ஒரு முகாம் வைக்கலாம். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், அங்குள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் கொடுக்கலாம்.

18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர்கள் தானம் செய்யலாம். ஆண்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை. வெறும் வயிற்றில் மட்டும் போகாதீர்கள்!