ஸ்பெயினுக்குப் புறப்படும் மளிகைக்காரர்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த வேளையில், பனித்திட்டில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "ஸ்பெயின் தேசத்துக்குப் பன்னிரண்டு நாள் போய்வர விசாவுக்கு எழுதிப் போடணும். சங்கத்திலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "திருப்பதிக்கே கடையைச் சாத்திட்டுப் போகாத ஆளு நீங்க, ஸ்பெயினுக்கா?" என்றார் ஒருவர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடமாகக் காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு பத்துக்குச் சாத்துகிற மனிதர். மனைவியும் கூடவே கல்லாவில் உட்கார்ந்து தேய்ந்தவர். இருவரும் பன்னிரண்டு நாள் வெளியே போக நினைப்பது அவ்வளவு பெரிய கேலிக்கு உரியதா?

ஸ்பெயின் என்று ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர் மைத்துனர் பாரிசில் இருக்கிறார். நம் வட்டாரத்தில் இது அதிசயம் இல்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. எழுதிக் கொடுத்த வீடுகளின் பிள்ளைகள் இன்று அங்கே. பாரிசிலிருந்து பார்சிலோனாவுக்கு நேர் ரயில் உண்டு; ஏறத்தாழ ஏழு மணி நேரம். மைத்துனர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, நாம் கடலூர் போய்வருவது போல ஸ்பெயினுக்குப் போய்வருகிறார். நம் உறுப்பினரிடம் இருப்பதோ இந்திய பாஸ்போர்ட். அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

பிறகுதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். போன வருடமே எழுதிப் போட்டிருக்கிறார், மறுத்துவிட்டார்கள். 2024 ஜூன் முதல் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். மறுத்தாலும் அது திரும்பி வராது. இரண்டு பேருக்கு 180 யூரோ போயிற்று. மறுப்புத் தாளில் அச்சடித்த காரணங்களில் சிலவற்றுக்கு எதிரே குறி போட்டு அனுப்பியிருந்தார்கள்: செலவுக்குப் போதிய வசதி காட்டப்படவில்லை, திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று.

அவருக்கு வந்த கோபம் நியாயம்தான். "சொந்தக் கடை, சொந்த வீடு. திரும்பி வராம நான் எங்கே போவேன்?" என்கிறார். ஆனால் அந்தத் தாளை எழுதியவர் இவர் கடையைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் காகிதங்களை. அந்தக் காகிதங்களை நாமும் வாங்கிப் பார்த்தோம்.

ஆண்டு விற்றுமுதல் 30 லட்சம் என்று காட்டி, வங்கி வழி வரும் விற்பனைக்கான அனுமான முறையில் 6 சதவீதம் லாபம் எழுதியிருக்கிறார். அதாவது வருட வருமானம் 1,80,000 ரூபாய். இருவரும் போய்வர நாலு லட்சம் ஆகும் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருட வருமானத்தையும் தாண்டிய பணத்தைப் பன்னிரண்டு நாளில் செலவழிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நாமே என்றாலும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். வங்கிக் கணக்கில் ஏழு லட்சம் இருக்கிறது என்றார். இருந்தது. ஆனால் விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாள் முன்பு சீட்டுப் பணமும் கைமாற்றும் சேர்த்துக் கட்டியது. அதற்கு முந்தைய மாதங்களில் இருப்பு இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. சரக்கு எடுத்தது ரொக்கம், ஆள் கூலி ரொக்கம், வீட்டுச் செலவு கல்லாவிலிருந்து ரொக்கம். கியூஆர் அட்டையில் விழுவது மட்டுமே வங்கிக்குத் தெரியும்.

வரி கட்டுங்கள் என்று உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. அதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் 6 சதவீதமும் 8 சதவீதமும் குறைந்தபட்சம்தான், உண்மை லாபம் கூடுதலாக இருந்தால் அதை எழுதத் தடை இல்லை என்பதை நம்மில் பலர் மறந்தே போனோம். மூன்று வருடம் சிக்கனமாகக் காட்டியவருக்கு நாலாவது வருடம் அவர் காட்டிய மனிதராகவே பதில் வருகிறது. வீட்டுக் கடன் கேட்டுப் போகும் வங்கியிலும் இதே கதைதான். ஸ்பெயின் பயணத்தைப் பயண முகவரிடம் தொடங்காதீர்கள், பேரேட்டில் தொடங்குங்கள் என்பதே நமது கருத்து. இன்று முடிவு செய்தால் இரண்டு, மூன்று வருடக் கணக்கு ஒழுங்காகி நிற்கும்; சேமிப்பும் மாதா மாதம் வங்கியில் ஏறியிருக்கும். இங்குள்ள முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாவை மொத்தமாக வாங்கினால் பில்லிலேயே டி.சி.எஸ். பிடிப்பார்கள். விகிதம் அடிக்கடி மாறுகிறது, ஆடிட்டரைக் கேளுங்கள். கணக்குத் தாக்கல் செய்கிறவருக்குத்தான் அந்தப் பணம் வரியில் கழியும் அல்லது திரும்பும்.

விண்ணப்பத்தில் இன்னொன்று. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் எழுத வேண்டும். மைத்துனர் வீட்டில் எட்டு நாள், ஸ்பெயினில் நாலு நாள் என்றால் அது பிரான்சு விசா. அப்போது அவர் தம் ஊர் மேரியில் தங்கல் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். போன முறை இதையும் குழப்பியிருக்கிறார்.

காகிதம் சரியானாலும் கடை இருக்கிறதே. எப்போது சாத்துவது? ஐப்பசி, கார்த்திகையில் தீபாவளியும் மழையும். தையில் பொங்கல். ஆடியில் முகூர்த்தம் இல்லை, போகலாம் என்பார்கள். கடலோரக் கடைக்கு ஆடிதான் திருவிழா மாதம். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியில் ஓடும்போது சுற்றுவட்டார மளிகைக்கு அது தனி வியாபாரம். மேலும் ஆடியில் ஸ்பெயின் கொதிக்கும். செவீய் போன்ற தெற்கத்தி ஊர்களில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த ஊர்ச் சிறுகடைக்காரர்களே ஆகஸ்டில் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

மிஞ்சுவது சித்திரை. அங்கே நல்ல வசந்தம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கல்லா இளைக்கும். வியாபாரம் மந்தம், போய்வரலாம் என்று தோன்றும். ஆனால் பனித்திட்டு போன்ற ஊரில் கடன் நோட்டு தடிக்கிற மாதங்களும் அவைதான். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில் எழுதி வாங்கும் வீடுகள், படகு இறங்கியதும் தீர்த்துவிடும். கிருமாம்பாக்கத்துப் பெரிய கடையிலோ, செல்போனில் வரவழைக்கும் கடையிலோ நோட்டு கிடையாது. நம்மவர் பன்னிரண்டு நாள் கடையைப் பூட்டினால் அந்த வீடுகளின் அடுப்புக்கு என்ன வழி? அவர் முப்பது வருடம் வெளியே போகாததற்குப் பாதிக் காரணம் இந்த நோட்டு.

நாம் கேட்டோம்: "நோட்டைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துட்டுப் போங்களேன்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நோட்டைக் கொடுத்தா வாடிக்கையைக் கொடுத்த மாதிரி, அண்ணே" என்றார்.

இதுதான் உண்மையான தடை. பாரிசு ரொட்டிக் கடைக்காரர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று மைத்துனரைக் கேட்டால் சொல்லுவார். அங்கே எல்லா ரொட்டிக் கடையும் ஒரே நேரத்தில் விடுமுறைக்குச் சாத்தினால் ஊர் பட்டினி கிடக்கும் என்று, பாதிப்பேர் ஜூலையிலும் பாதிப்பேர் ஆகஸ்டிலும் சாத்த வேண்டும் என்ற கட்டாய முறை இருந்தது. திறந்திருக்கும் கடை எது என்று பூட்டிய கடையின் கதவிலேயே எழுதி வைப்பார்கள். 2015 கோடையிலிருந்து அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனாலும் போட்டிக் கடையின் பெயரைத் தன் கதவில் தானே எழுதி ஒட்டிய அந்தப் பழக்கம் நம் யோசனைக்கு உரியது.

நம் சங்கம் இதைச் செய்யலாம். ஒரே தெருவில், ஒரே ஊரில் உள்ள இரண்டிரண்டு கடைகள் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ளட்டும். ஒருவர் போகும்போது மற்றவர் நோட்டு வீடுகளுக்குச் சரக்குக் கொடுப்பார். தொகை எழுதி வைத்துத் திரும்பியதும் தீர்த்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் விற்ற லாபம் விற்றவருக்கு. வாடிக்கை பழைய கடைக்கு. தகராறு வந்தால் சங்கம் பேசித் தீர்க்கும். ஸ்பெயினுக்கு மட்டும் இல்லை, மகள் பிரசவத்துக்கும் கண் ஆபரேஷனுக்கும் இது உதவும். செயற்குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

பூட்டு என்றதும் ஒரு நினைவு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், நம்மவரும் எடுத்திருந்தார். கடைச் சரக்குக்கு? இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, புதுவையில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டிய பிறகும் இல்லை. இதற்கு மேல் நாம் என்ன சொல்ல.

போனால் எதைப் பார்ப்பது? பொதிச் சுற்றுலாக்காரர்கள் மாட்ரிட், பார்சிலோனா என்று பேருந்தில் ஏற்றி இறக்குவார்கள். பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தை உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழே அதற்கு வினையாயிற்று. படம் எடுக்கும் கூட்டத்தில் காய் வாங்க வந்த உள்ளூர்ப் பெண்கள் நுழைய முடியாமல் போனதால், 2015-இல் வெள்ளி, சனி காலைகளில் 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்களை நகராட்சி தடுத்தது. நமது ஓட்டு வலென்சியாவுக்கு. பார்சிலோனாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். 1928-இல் திறந்த மத்தியச் சந்தையில் இன்றும் ஊரார் சமையலுக்கு வாங்குகிறார்கள். அதற்கு எதிரே 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பட்டு வணிக மண்டபம். 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பொய்யும் வட்டியும் இல்லாத வியாபாரத்தைப் போற்றும் லத்தீன் வாசகம் அதன் சுவர் நெடுக ஓடுகிறது. ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரி, சுற்றிலும் நெல்வயல். பாகூர் ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு அது வெளிநாடாகத் தோன்றாது. அந்தக் குண்டு அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த அரிசி வியாபாரியும் திரும்பக் கூடாது.

கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் இரண்டு வருடக் கணக்கு சீரான பிறகு. அவரும் ஒப்புக்கொண்டு, மாதம் பிறந்ததும் வங்கியில் கட்டத் தொடங்கிவிட்டார். போன வாரம் அவர் கடைக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கடைக்காரரிடம் நோட்டு விஷயம் பேசினீர்களா என்று கேட்டோம். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசணும்" என்றார்.