இரவல் இருதயம்

நமது தேஜஸ் போர் விமானத்தை அயல்நாட்டார் விலைக்கு வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் தலைகாட்டும்போதெல்லாம் மகிழ்கிறவர்களில் நானும் ஒருவன்தான் என்றாலும், 1977-ஆம் ஆண்டில் இஸ்ரேலுக்கு நேர்ந்த சங்கடம் ஞாபகத்துக்கு வந்து அந்த மகிழ்ச்சியைப் பாதியாக்கிவிடுகிறது. தான் கட்டிய கிஃபிர் விமானங்களை எக்வடாருக்கு விற்க அத்தேசம் பேசி முடித்திருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஜே-79 எஞ்சின் அமெரிக்க ரகமாதலால், ஜனாதிபதி கார்ட்டர் சம்மதிக்க மறுத்ததும் வியாபாரம் நின்றுபோயிற்று.

ஸ்வீடன் தேசத்தார் அமெரிக்க வம்சத்து எஞ்சினோடுதானே கிரிபன் போர் விமானத்தைப் பிரேசில் வரை விற்றார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். வாஸ்தவம், வாஷிங்டனுக்கு ஆட்சேபமில்லாத இடங்களில் விற்றார்கள்.

எஞ்சின் எளிதில் வசப்படும் வித்தையன்று. ஒரே படிகமாக வார்க்கப்பட்ட சின்னஞ்சிறு டர்பைன் பிளேடு, மயிரிழை போன்ற துவாரங்களின் வழியே கசியும் காற்றையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, தன் உலோகமே உருகிவிடக்கூடிய உஷ்ணத்துக்கும் மேற்பட்ட நெருப்புக் காற்றினிடையே, நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்றும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். ஜெர்மானிய நிபுணர் கர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்து 1961-இல் பறந்த மாருத் போர் விமானம், ஒலியைப்போல் இருமடங்கு வேகத்துக்கென்று திட்டமிடப்பட்டும், தக்க எஞ்சின் வாய்க்காமையால் ஒலியின் வேகத்தை எட்டுவதற்கே திணறியது. தேஜஸுக்கென்று 1989-இல் அனுமதி பெற்ற நம் காவிரி எஞ்சினும், எடை மிகுந்து வலு குறைந்ததனால், 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவேதான் சூலூரிலிருந்து எழும்பும் தேஜஸுக்குள் இன்று உறுமுவது அமெரிக்க எஃப்-404. புதிய ரகத் தேஜஸுக்கென்று 2021-இல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். கூடு கட்டி முடித்துவிட்டு இருதயத்துக்காகக் காத்திருந்தோம்.

காவிரியைப் பரிகசிப்பாரோடு நான் சேரமாட்டேன். 2010-இல் அதை ஆகாயத்தில் சோதிக்க வேண்டியிருந்தபோது, நம்மிடம் அதற்குரிய விமானமே இல்லாததால், ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பெரிய சரக்கு விமானமொன்றின் நான்கு எஞ்சின்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அயல்நாட்டுக் கண்காட்சிகளில் கடைவிரிக்கும் உற்சாகத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அத்தகைய சோதனை விமானமொன்றை முதலில் இங்கே நிறுத்தட்டும். விலைபேச வருகிறவர் அதையும் பார்த்துவிட்டுப் போவார்.