ஒளிந்திருக்கும் கோப்பு

தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி கண்டு நிலையிடும் வேலையை இக்காலத்தில் எக்செல் செய்து தருகின்றது. அதிற் கைதேர்ந்தோர், ஒரே வேலையைப் பன்முறை செய்யுஞ் சலிப்பு நீங்க, அவ்வேலையின் படிகளை 'மக்ரோ' என்னுங் கட்டளைத் தொகுதியாக எழுதி வைத்துக்கொள்வர். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அம்மக்ரோக்கள் கைக்கெட்டும்படி சேர்த்து வைக்கும் கோப்பொன்று உண்டு. அதன் பெயர் 'பேர்சனல்'. எக்செல் தொடங்குந்தோறும் அதுவுந் திறந்து, திரைக்குப் பின்னே மறைந்து நிற்கும்.

ஒருநாட் காலை அது வாராது. மக்ரோக்கள் பட்டியலில் இரா. பல வருட உழைப்புப் போயிற்றே எனப் பதறுவோர் எக்செல்லை நீக்கி மீண்டும் நிறுவுவர். அதனாலும் ஆகாவிடிற் கணனியைத் திருத்துங் கடைக்குத் தூக்கிச் செல்வர். இங்கேதான் நாம் குறுக்கே நின்று தடுக்க விரும்புகின்றோம். கடைக்காரர், பாவம், 'டொக்கியூமென்ட்ஸ்' கோப்புறையைப் பத்திரமாகப் பிரதிசெய்து தந்துவிட்டு வன்தட்டைத் துடைத்துவிடுவார். பேர்சனல் கோப்போ வழக்கமாக அங்கே இருப்பதில்லை. அதுவரை நலமாயிருந்த கோப்பு அப்பொழுதுதான் உண்மையில் அழிகின்றது.

விண்டோஸ் கணனியில் அதன் இருப்பிடம் 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்னுங் கோப்புறை. அதுவோ 'ஆப்டேட்டா' என்னும் மறைக்கப்பட்ட கோப்புறைக்குள் ஆழத்திற் கிடப்பது. தேடி அலைவதினும் எக்செல்லையே கேட்டல் எளிது. ஆல்ட் விசையுடன் எப்11 விசையை அழுத்துக. வருஞ் சாளரத்திற் கொன்ட்ரோல் விசையுடன் ஜீ எழுத்தை அழுத்துக. கீழே தோன்றும் பெட்டியில் ஒரு வினாக்குறியிட்டு, 'அப்ளிகேஷன்' என்ற சொல்லையும் ஒரு முற்றுப்புள்ளியையும் 'ஸ்டார்ட்அப்பாத்' என்ற சொல்லையும் ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தொடுத்து என்டர் விசையைத் தட்டினால், தான் தொடங்கும்போது நோக்குங் கோப்புறையின் முழு முகவரியையும் அது சொல்லிவிடும். அங்கே கோப்பு இருந்தால், வேறெதுவுஞ் செய்யுமுன் அதனை வெளித்தட்டொன்றிற் பிரதிசெய்து கொள்க. 2007 தொடக்கம் வந்த பதிப்புகளில் அதன் பெயரீறு எக்ஸ்எல்எஸ்பி, முந்தியவற்றில் எக்ஸ்எல்எஸ்.

கோப்பு இருந்தும் திறவாமைக்குப் பெருங் காரணம் எக்செல்லின் ஐயப்பாடே. எக்செல் இடையில் நிலைகுலைந்து மூடிவிட்டால், அவ்வேளை திறந்திருந்த கோப்பின்மீது பழிசுமத்தி, அடுத்த முறை அதனை உள்ளே விடாது தள்ளிவைத்தலும் உண்டு. குற்றம் அக்கோப்பினதுதானா என விசாரிப்பதில்லை! 'பைல்' பட்டியில் 'ஒப்ஷன்ஸ்', அதில் 'அட்-இன்ஸ்' எனச் சென்று, அடியிலுள்ள 'மனேஜ்' பெட்டியில் 'டிசேபிள்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிந்து 'கோ' என்பதை அழுத்துக. தள்ளிவைக்கப்பட்டவற்றின் பெயர்கள் தோன்றும். பேர்சனலைச் சுட்டி 'எனேபிள்' கொடுத்து, எக்செல்லை மூடித் திறந்தாற் பெரும்பாலும் அது வந்து சேரும்.

கோப்புறையிற் கோப்பே இல்லையாயின், கணனிக்குள் நுழைந்த பெயரை நோக்குக. ஒவ்வொரு பயனாளர்க்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் வெவ்வேறு. பாடசாலைக் கணனியில் வேறொருவர் பெயரில் நுழைந்த மாணவன் தன் மக்ரோவைக் காணாது தவிப்பது இதனால். கொன்ட்ரோல் விசையைப் பிடித்தவாறு எக்செல்லைத் தொடங்கினாலும், அது பாதுகாப்பு முறையிற் புகுந்து இக்கோப்பைத் திறவாது விடும்.

எல்லா மக்ரோக்களையும் தடையின்றி அனுமதிக்குந் தெரிவை இட்டுவிடுக என்று சொல்வாரும் உளர். அவர் சொல்லை நாம் ஏலோம். 1999இல் உலகின் மின்னஞ்சல்களை அலைக்கழித்த மெலிஸா வைரஸ், வேர்ட் ஆவணத்தினுள் மக்ரோவாகவே வந்தது. அன்றியும், எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புறை இயல்பாகவே நம்பத்தக்க இடமெனக் கொள்ளப்படுவது. ஆதலின் வேலியைப் பிடுங்கத் தேவையுமில்லை.

விடுவித்த கோப்பு மீண்டும் மீண்டுந் தள்ளிவைக்கப்படுமாயின், அதன் உள்ளே பழுதிருத்தல் கூடும். அப்பொழுது அதனைக் கையாலே திறந்து, ஆல்ட், எப்11 அழுத்தி, 'மொடியூல்' ஒவ்வொன்றின்மீதும் வலச்சொடுக்குச் செய்து 'எக்ஸ்போர்ட் பைல்' கொடுக்க. மக்ரோக்கள் வெற்றெழுத்தாகத் தனித்தனியே வெளிவரும். பழைய கோப்பை அகற்றிப் புதிய பேர்சனல் கோப்பொன்றை ஆக்கி, அவற்றை அதனுள் ஏற்றிவிடலாம்.