கர்ணத்துக்கு எதற்கு லைப்ரரி என்பவர்களுக்கு

சி மொழியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் காண ‘ஹைபாட்’ என்றொரு ஃபங்ஷன் உண்டு. அதை அழைத்தால் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிதாகரஸுக்கு லைப்ரரியா? இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு வர்க்கமூலம். ஒரே வரியில் முடிகிற காரியம், வேகமும் அதிகம் என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பலர், ஓர் எண்ணை வர்க்கப்படுத்த ‘பவ்’ ஃபங்ஷனை அழைப்பவர்கள் என்பது தனி வேடிக்கை.

தேற்றத்தின் எண்களுக்கு எல்லை கிடையாது. டபுளுக்கு உண்டு: ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸. பக்கங்கள் 3 × 10²⁰⁰, 4 × 10²⁰⁰ என்றால் கர்ணம் 5 × 10²⁰⁰. டபுளில் தாராளமாக அடங்கும் விடை. ஆனால் வழியில் வரும் வர்க்கங்கள் 10⁴⁰⁰-ஐத் தொடுவதால் ஒற்றை வரிக்காரருக்குக் கிடைப்பது முடிவிலி. அடுக்குகளுக்கு மைனஸ் போட்டால் வர்க்கங்கள் பூஜ்யமாகி, வெவ்வேறு இடத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே தூரமே இல்லை என்றாகிவிடும்.

இத்தனை பெரிய எண் யாருக்கு வரப்போகிறது என்பார்கள். ஃப்ளோட்டின் உச்சம் வெறும் 3.4 × 10³⁸. சூரியனிலிருந்து பால்வீதியின் மையம் சுமார் 2.5 × 10²⁰ மீட்டர். தூரம் ஃப்ளோட்டில் அடங்கும், அதன் வர்க்கம் அடங்காது.

வானம் வேண்டாம், தொழிற்கூடத்துக்கே வருவோம். ஆயத்தொலைவுகளை மில்லிமீட்டரில், இன்ட்டாக வைத்திருக்கிறீர்கள். 50 மீட்டர் இடைவெளி என்றால் 50,000. அதன் வர்க்கம் 250 கோடி. 32 பிட் இன்ட் 214 கோடிச் சொச்சத்தோடு நின்றுவிடும். வர்க்கமூல ஃபங்ஷன் டபுளைத்தானே வாங்குகிறது என்று ஆறுதல் அடைய வழியில்லை. பெருக்கல் அதற்கு முன்பே இன்ட்டில் நடந்து, கெட்டுப்போயிருக்கும். 46,340-ஐத் தாண்டியதுமே இந்த ஆபத்து வந்துவிடுகிறது. அதன்பின் என்ன நடக்கும் என்பதற்கு சி தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஹைபாட்டிடம் கொடுத்தால் இன்ட் மதிப்புகள் டபுளாக மாறித்தான் உள்ளே போகும்.

உள்ளே நடப்பது மந்திரமல்ல. பக்கங்கள் மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் அவற்றை 2-இன் ஓர் அடுக்கால் பெருக்கிப் பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவந்து, கணக்கு முடிந்ததும் திருப்பிவிடுவது வழக்கமான முறை. 2-இன் அடுக்கு என்பதால் இந்த மாற்றத்தில் இலக்கம் எதுவும் சிதைவதில்லை. இதே சிக்கலுக்காக, வர்க்கமூலமே எடுக்காமல் கர்ணம் காணும் வழியை மோலரும் மாரிசனும் 1983-இல் வெளியிட்டார்கள். மோலர், மேட்லேபை உருவாக்கியவர். சி தரநிலையில் ஹைபாட் 1999-இல் சேர்ந்தது.

வேகம் குறைவு என்பது மெய்தான். திரையின் பிக்சல்களை டபுளில் அளக்கும்போது கையால் எழுதிய வரியே போதும். எது அருகில் என்று மட்டும் ஒப்பிட வேண்டுமானால் வர்க்கமூலமே வேண்டாம். ஆனால் அப்படி எழுதுகிறவர் தன் எண்களின் எல்லையை அறிந்திருக்க வேண்டும்.

ஹைபாட்டைக் குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் வேறு காரணம் இருக்கிறது: சி-யில் அது இரண்டு பக்கங்களோடு நின்றுவிட்டது. மூன்றாவது அச்சு வந்தால் ஹைபாட்டுக்குள் ஹைபாட்டைச் செருக வேண்டியிருக்கிறது. சி++ தன் 2017 தரநிலையிலேயே மூன்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.