அருங்காட்சியகத்தில் இல்லாத பாதை

பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்காவின் மகனை மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்குக் கூட்டி வந்திருந்தேன். துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். வெயிலுக்கு ஒதுங்கினோம் என்பதுதான் உண்மை.

உள்ளே துறைமுகத்தைப் பிடித்தவர்களின் கதை. 1782 இல், ஒரே ஆண்டுக்குள், ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரும் அவர்களிடமிருந்து பிரான்சியரும் இதைப் பறித்தார்கள். 1795 இல் மறுபடியும் பிரித்தானியர் வந்தார்கள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த மருமகன் கேட்டான்:

"மாமா, அம்மம்மா சொல்லுற பாதை இதில எங்க இருக்கு?"

கிழக்கில் பாதை என்பது தெருவுக்கு மட்டுமுள்ள பெயரல்ல. சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவையையும் அப்படித்தான் சொல்வோம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் மூதூருக்குப் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்று மாறி ஒன்று பாதை ஏற வேண்டும். இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்ச். யுத்த காலத்தில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, திரும்பவும் ஏற வேண்டும். இருட்டுப்பட்டால் அதுவும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு நகர ஆசுப்பத்திரிக்குப் போக, நாள் நெருங்க முன்னரே புறப்பட்டதாக அம்மா இன்றும் சொல்லுவா. 2006 இல் சண்டை மூண்டபோது மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கமும் சம்பூர்ச் சனம் வாகரைப் பக்கமும் நடந்தே வெளியேறியது.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 இல், யுத்தம் முடிந்து ஐந்து மாதங்களில் திறக்கப்பட்டது. சவூதி நிதியில் கட்டிய அதன் நீளம் 396 மீற்றர். அப்போது நாட்டிலேயே நீளமான பாலம். மற்றத் துறைகளுக்கும் பின்னர் பாலங்கள் வந்தன. அவற்றால் எங்களுக்குக் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நோயாளியோடு இரவில் புறப்பட முடிகிறதே, அது சின்ன விடயமல்ல.

ஆனால் பெருந்தெருவுக்கு வந்த பாலம் உள்ளூர்த் தெருவுக்கு வரவில்லை. 2021 நவம்பர் 23 காலை, அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. புதுப் பாலத்துக்கான வேலை தொடங்கியிருந்தது, முடிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட பிள்ளைகளும் அதில் மாண்டார்கள். இறந்தவர்கள் முஸ்லிம் குடும்பங்கள். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டபோது மூதூரில் தமிழ் வீடுகளும் பதறின, ஏனென்றால் பாதையில் ஏறாத வீடு இங்கே இல்லை.

இப்போது பேசப்படுவது வேறொரு பாலம். 2023 யூலையில் புதுடில்லியில் வெளியிட்ட கூட்டு அறிக்கையில், திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்குத் தரைவழி வசதி ஏற்படுத்த இந்தியாவையும் இலங்கையையும் தரைவழியாக இணைப்பது என்று இரு நாடுகளும் எழுதின. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். எண்ணெய்த் தாங்கிகளுக்கும் ஏற்கனவே ஒப்பந்தம் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தில் பார்த்த வரிசைதான் நீள்கிறது: யாருக்குத் துறைமுகம் வேண்டுமோ அவருடைய கணக்கில் தெரு போடப்படுகிறது. கடல் மேல் பாலம் வரட்டும், நான் எதிர்க்கவில்லை. திட்டத்தைப் போடும்போது கொட்டியாரக் குடாவைச் சுற்றியிருப்பவர்களிடம் எந்தத் துறையில் என்ன தேவை என்று யாராவது கேட்டார்களா என்பதே என் கேள்வி. 2006 இல் காணியை விட்டு ஓடி, அனல்மின் நிலையத்துக்கு அந்த இடம் போகும் என்று பத்து வருடம் முகாமில் பயந்திருந்த சம்பூர்ச் சனத்துக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஒரு பழைய பாதையின் பலகையையும் இழுத்த கயிற்றையும் அதை ஓட்டியவர்களின் வாய்மொழியையும் சேர்த்து வைக்கப் பெரிய செலவில்லை. ஓட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

பின்னேரம் பஸ் ஏறினோம். கிண்ணியாப் பாலம் தொடங்கியதும் மருமகன் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தான். முடிந்ததும், ஒரு நிமிசம்கூட ஆகவில்லை என்றான்.

"பாதையில எவ்வளவு நேரம் எடுக்கும் மாமா?"

முன் இருக்கையிலிருந்த வயோதிபர் திரும்பி எனக்கு முதல் பதில் சொன்னார்: "அது ஆமி விடுறதைப் பொறுத்தது, தம்பி."