தண்டவாளம் போன பின்னும் வழி இருக்கிறது

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டேர்ன் பகுதிகளில், புத்தகப்பை சுமந்த சிறுவரும், வேலைக்குச் செல்லும் தாய்மாரும், ஊன்றுகோல் பிடித்த முதியவரும் புகையிரதப் பாதையின் மீதே நடந்து செல்வர். அது விதிக்கு மாறானது; உயிருக்கும் ஆபத்தானது. இரண்டையும் அவர்கள் நன்கு அறிவர். அறிந்தும் நடக்கின்றனர் என்றால், வீதி சுற்றிச் செல்கிறது, தோட்டத்துக் குறுக்குவழியோ முழங்காலை முறிக்கிறது என்பதே காரணம்.

1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் வந்தடைந்த இப்பாதையின் மிகக் கடுமையான ஏற்றமும் 44 அடிக்கு ஓர் அடிதான். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 12 அடிக்கு ஓர் அடி வரை ஏற்றம் அமையலாம் என்பது பொதுவான கணக்கு. புகையிரதம் ஏறும் மலையில் முதியவரும் ஏறலாம். சக்கர நாற்காலியும் ஏறலாம். எஞ்சினுக்காக மலையைக் குடைந்து சமன் செய்த கைகள், தம்மை அறியாமலே, நடக்க இயலாதவர்க்கும் ஒரு வழி அமைத்து வைத்தன.

வண்டி ஓடும் பாதையில் மனிதரை நடக்கவிடுதல் தகாது. ஆனால் வண்டி ஓடாத பாதை ஒன்று நம்மிடம் உண்டே! நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஏறத்தாழ 19 மைல் தூரம், இரண்டடி ஆறங்குல அகலமுள்ள ஒரு சிறிய இருப்புப்பாதை இருந்தது. 1903இல் நுவரெலியாவை எட்டி, அடுத்த ஆண்டில் இராகலையை அடைந்த உடப்புசல்லாவைப் பாதை அது. மோட்டார் லொறியோடு போட்டியிட மாட்டாமல் 1940களில் அது மறைந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது; மண்மேடும் வெட்டுக்குழியும் மலையிலே தங்கின. இன்று அதன் சில பகுதிகள் வீதியாகவும், சில தோட்டப் பாதையாகவும், சில காய்கறிப் பாத்தியாகவும் உருமாறியிருக்கின்றன.

கைவிடப்பட்ட இருப்புப்பாதையை மக்கள் உலாவும் பசும்பாதையாக்குதல் புதிய கனவன்று. பாரிஸ் நகரம் 1993இலும், நியூயோர்க் நகரம் 2009இலும் பழைய மேம்பாலப் பாதைகளைப் பூங்காவாக்கித் திறந்தன. நமக்கு நெருங்கிய உதாரணம் சிங்கப்பூர். 2011 ஜூன் 30ஆம் நாள் தஞ்சோங் பாகாரிலிருந்து கடைசி மலாயா இரயில் புறப்பட்டது. அந்த 24 கிலோமீற்றர் வழித்தடம் இன்று மரநிழலில் மக்கள் நடக்கும் பாதை. மலாயாவின் இருப்புப்பாதைகளிலும் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை கலந்திருக்கிறது என்பதை வாசகர் அறிவர்.

நம் மலைநாட்டிலும் நடைவழி இல்லாமலில்லை. பழைய தேயிலைத் தடங்களை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமாக, 22 கட்டங்களில் ‘பீக்கோ டிரெயில்’ அமைந்திருக்கிறது. அது பாராட்டத்தக்க முயற்சியே. எனினும் அது திடமான கால்களுக்கும் தூரதேசத்து விருந்தினருக்கும் உகந்த வழி. நாம் கேட்பது வேறு. நாற்பது ஆண்டு மலையேறிக் கொழுந்து பறித்து மூட்டுத் தேய்ந்த ஒரு பாட்டி, பேரன் கைபிடித்து வைத்தியசாலைக்குப் போகக்கூடிய வழி. ஊனமுற்ற பிள்ளையைத் தோளில் சுமக்காமல் பள்ளிக்கு அழைத்துச் செல்லக்கூடிய வழி. வலது குறைந்தோர் உரிமைச் சட்டம் 1996இலும், அணுகும் வசதிக்கான விதிகள் 2006இலும் இந்நாட்டில் வந்துவிட்டன. அவை கொழும்பு மாடிக் கட்டடங்களுக்கு மட்டுமா? லயத்து வாசலுக்கு இல்லையா?

தடைகளை நாம் மறைக்கவில்லை. பழைய தடத்தில் இன்று வீடு கட்டியோரும் பயிர் செய்வோரும் இருக்கலாம். அவர்களுள் ஒருவரையும் எழுப்பக் கூடாது. பாதைதான் விலகிச் செல்ல வேண்டும். இடம்பெயர்ந்தே நொந்த மக்களை மீண்டும் பெயர்க்கும் பூங்கா எவருக்கு வேண்டும்? 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல், இம்மலைகளில் நீர்வடிகாலை மறந்து எதையும் கட்டலாகாது என்று காட்டிச் சென்றது. ஆகவே முதலில் நில அளவை நடக்கட்டும். தடையற்ற ஒரு மைலில் தொடங்கட்டும். ஒரு மைல் நன்றாக அமைந்தால், அடுத்த மைலை மக்களே கேட்டு வாங்குவர்.

அவ்வழியில் நடுகின்ற பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும். யார் இந்த மலையை வெட்டினர் என்ற வரலாறும் இருக்க வேண்டும். மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அப்பாடல்களுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். இப்பணியில் ஆசிரியரும் மாணவரும் முன்னிற்கலாம்: தத்தம் ஊரில் பழைய பாதை எங்கே சென்றது என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது இன்றே தொடங்கக்கூடிய காரியம்.

2023இல், மலையகத் தமிழர் வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் துன்பத்தில் நடந்த வழியை நினைவுக்காக நடந்த நடை அது. அவர்தம் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி, இளைப்பின்றி நடக்க ஒரு வழி அமைப்பதே அந்நினைவுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.